கிரே கார்டன்ஸ்: மூன்றில் எதை நம்புவது என்று கேட்டவருக்கு

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. எடுத்த ‘கிரே கார்டன்ஸ்’ படத்தைப் பார்த்துக் கண்கலங்கிப்போனாராம். அந்த வேகத்திலேயே 1975இல் வந்த அசல் ஆவணப்படத்தைத் தேடிப் போட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லையாம். ஒரே கூச்சல், எங்கே பார்த்தாலும் பூனை, கதை என்று ஒன்றுமே இல்லை என்கிறார். அவருடைய தோழியோ அதே கதையை வைத்து நியூயார்க்கின் பிராட்வே மேடையில் வந்த மியூசிக்கலின் பாட்டுகளைக் காரில் ஓடவிட்டு உருகுகிறாராம். “மூன்றில் எது உண்மை, எதை முதலில் பார்த்திருக்க வேண்டும்?” என்பது கேள்வி. போகிற போக்கில் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “நிலை சரியில்லாத இரண்டு பெண்களைப் படம்பிடித்துக் காட்டுவதை நாம் ரசிப்பது பாவம் இல்லையா?”

அவர் உண்மையில் கேட்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்று நினைக்கிறேன். கதையாகச் சொன்னபோது அழ முடிந்தது, நேரில் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. அது ஏன் என்பதுதான் விஷயம். நான் டர்பனில் ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்து பிழைக்கிறவன். அதனால் என் பதில் எடிட்டிங் மேசையிலிருந்து வருவதாக இருக்கும். மருத்துவம் எனக்குத் தெரியாது. அந்தப் பெண்களுக்கு என்ன நோய், நோய்தானா என்ற பேச்சுக்குள் நான் போகப் போவதில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கும் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊரில் கடலோரமாக ஒரு பெரிய வீடு. அதன் பெயர்தான் கிரே கார்டன்ஸ். உள்ளே ஒரு தாயும் மகளும். இருவருக்கும் எடித் என்றுதான் பெயர், அதனால் பெரிய ஈடி, சின்ன ஈடி. பெரிய ஈடி பிறந்தது 1895இல், மகள் 1917இல். பெரிய ஈடி, ஜாக்குலின் கென்னடிக்குச் சொந்த அத்தை, அப்பாவின் தங்கை. சின்ன ஈடி ஜாக்குலினின் அத்தை மகள். பெரிய ஈடியின் கணவர் ஃபீலன் பீல் ஒரு வக்கீல். 1930களின் தொடக்கத்திலேயே பிரிந்து போனார், பிறகு விவாகரத்தும் ஆனது. பணம் வற்றியது, வேலைக்காரர்கள் போனார்கள், தோட்டம் காடாகி வீட்டை மூடியது. 1971இல் சுகாதாரத் துறையினர் சோதனைக்கு வந்து, வீட்டைச் சுத்தம் செய்யாவிட்டால் வெளியேற்றுவோம் என்றார்கள். செய்தி பத்திரிகைகளில் நாறியது. அமெரிக்காவின் முன்னாள் முதல் பெண்மணியின் அத்தை பூனை மூத்திரத்துக்கு நடுவே கிடக்கிறார் என்றால் விடுவார்களா? 1972இல் ஜாக்குலினும் தங்கை லீ ராட்ஜிவில்லும் பணம் கொடுத்து வீட்டைப் பழுதுபார்க்க வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் லீ, தன் சிறுவயது ஈஸ்ட் ஹாம்ப்டனைப் பற்றிப் படம் எடுக்க ஆவணப்படக்காரர்களான ஆல்பர்ட், டேவிட் மேசல்ஸ் சகோதரர்களை அழைத்து வந்தார். வந்தவர்களின் கண் லீயைத் தாண்டி இந்த இருவர்மேல் நின்றுவிட்டது. லீயின் படம் அப்போது வரவே இல்லை. அந்தப் பழைய காட்சிகள் வெகுகாலம் கழித்து 2017இல் ‘தட் சம்மர்’ என்ற பெயரில் வந்தன. மேசல்ஸ் சகோதரர்கள் திரும்பிப் போய்த் தாயையும் மகளையும் எடுத்ததுதான் ‘கிரே கார்டன்ஸ்’.

நீங்கள் அசல் படத்தைப் பாதியில் நிறுத்தியதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படத்துக்குப் பின்னணிக் குரல் கிடையாது. தொடக்கத்தில் சில பத்திரிகைத் துணுக்குகள் வரும், அவ்வளவுதான் அறிமுகம். யாரும் உட்கார்ந்து பேட்டி கொடுப்பதில்லை. ஆல்பர்ட் கேமரா, டேவிட் ஒலி. வேறு ஆள் பட்டாளம் கிடையாது. தாயும் மகளும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுவார், இதற்கு நடுவே ரேடியோ ஓடும். சப்டைட்டில் போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒருவர் பேசுவதுதான் எழுத்தில் வரும், மற்றவர் வெறும் சத்தமாகிவிடுவார். உங்கள் காதில் “கூச்சல்” என்று விழுந்தது அநேகமாக இதுதான். நம் வீடுகளில் விசேஷத்தன்று அடுக்களையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவதில்லையா? அங்கே யார் எதற்குப் பதில் சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் நமக்கு அவர்களைத் தெரியும். இந்த ஈடிகளைத் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதாது.

இன்னொன்று, இது எடிட்டர்களின் படம். எலன் ஹோவ்டி, மஃபி மேயர் என்ற இரண்டு பெண்கள் எடிட் செய்தார்கள், கூடவே சூசன் ஃப்ரோம்கி. ஹோவ்டிக்கும் மேயருக்கும் இயக்குநர்கள் என்றே பெயர் போட்டிருக்கிறார்கள். அது மரியாதைக்குக் கொடுத்தது இல்லை. வாரக்கணக்கில் எடுத்துக் குவித்த பிலிமில் ‘நடந்தது’ என்று சொல்ல ஒன்றும் கிடையாது. யாரும் சாகவில்லை, யாரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மாதிரிப் பிலிமைக் கையில் கொடுத்தால் என்னைப் போன்றவர்கள் முதலில் செய்வது, பழைய கதையைச் சொல்ல ஒரு உறவினரைப் பிடித்துப் பேட்டி எடுப்பது. அவர்கள் அதைச் செய்யவில்லை. நீ ஏன் போகவில்லை, நான் ஏன் போகவில்லை, யாரால் யார் கெட்டது என்ற ஒரே சண்டையை எடுத்துக்கொண்டு, அது காலையில் எப்படித் தொடங்குகிறது, மத்தியானம் எங்கே பாட்டாக மாறுகிறது, மறுபடி எப்போது கடிக்கிறது என்று அடுக்கியிருக்கிறார்கள். படத்துக்குக் கதை இல்லை என்றீர்களே, இந்தச் சண்டைதான் கதை. தீர்ப்பு மட்டும் கிடையாது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன், அடுத்த தடவை அதற்காகவாவது காத்திருங்கள். பெரிய ஈடியின் இளவயது ஓவியம் ஒன்று அறையில் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும். பேரழகி. அதன் பின்னால் ஒரு பூனை போய் அசிங்கம் செய்கிறது. மகள் ஐயோ என்கிறாள். தாய் கட்டிலில் படுத்தபடியே, செய்யட்டும், இந்த வீட்டில் ஒரு ஜீவனாவது தான் செய்ய நினைத்ததைச் செய்கிறதே என்கிறார். ஓவியத்தில் இருக்கும் பெண்ணும், அதைச் சொல்லும் கிழவியும், பூனையும் ஒரே இடத்தில். இதை எந்தக் கதாசிரியராவது எழுதியிருந்தால் மிகை என்று நானே வெட்டியிருப்பேன். அதே அறையில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அடுப்பை வைத்துச் சோளம் வேகவைத்து, வேலைக்கு வரும் ஜெர்ரி என்ற பையனுக்குக் கொடுக்கிறார் பெரிய ஈடி. அவன் ஆசையாகத் தின்கிறான். மகளுக்கு அந்தப் பையன்மேல் அவ்வளவு சந்தேகம், அவ்வளவு பொறாமை. மியூசிக்கலில் இந்தச் சோளத்தையே ஒரு முழுப் பாட்டாக்கிவிட்டார்கள். உங்கள் தோழி கட்டாயம் பாடியிருப்பார்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வர்த்தில் ஒரு மூத்தோர் குழுவுக்கு இந்தப் படத்தை நான் போட்டுக் காட்டியதுண்டு. ஆன்ட்டிமார்களும் சில தாத்தாக்களும்தான் கூட்டம். பாதியில் எழுந்து போய்விடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் போகவில்லை. அந்தச் சோளம் வேகவைக்கிற இடத்தில் கைதட்டினார்கள். மகள் பரணில் ஏறி ராக்கூன்களுக்கு ரொட்டி போடும்போது, “பைத்தியம் ஒன்றும் இல்லை, பொழுது போகவில்லை” என்றார் ஒரு பெரியம்மா. நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. சுகாதார அதிகாரிகள் வந்தார்கள் என்ற பத்திரிகைத் துணுக்கு திரையில் வந்ததும் கூட்டம் சட்டென்று மாறிவிட்டது. அவர்களில் பலர் டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரில் பிறந்தவர்கள். நிறவெறி ஆட்சியில் 1958இல் அந்தப் பகுதியை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 1960களில் குடும்பம் குடும்பமாகச் சாட்ஸ்வர்த்துக்குத் தள்ளினார்கள் அல்லவா? தகரமும் மரமுமாகக் கட்டி, பின்னால் மாமரமும் கறிவேப்பிலையும் வைத்திருந்த வீட்டைச் ‘சேரி’ என்று எழுதிக்கொண்டு போன நகராட்சி ஆட்களை அவர்கள் நேரில் பார்த்தவர்கள். ஜாக்குலின் பிறகு கோடீஸ்வரர் ஒனாசிஸை மணந்தவர். ஒரு ஆன்ட்டி கேட்டார்: “இவர்களுக்கு ஒனாசிஸின் பெண்டாட்டி இருந்தாள், செக் எழுதினாள், வீடு தப்பியது. நமக்கு யார் இருந்தார்கள்?” அதற்குப் பிறகு பேச்சு படத்தைவிட்டு எங்கெங்கோ போய்விட்டது. சொல்ல வந்தது, அந்தக் கூட்டத்துக்கு இது அருவருப்பான படமாகத் தெரியவில்லை. வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் இரண்டு பேரின் படமாகத்தான் தெரிந்தது. பூனை நாற்றத்தை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை.

அப்புறம் மேடைக்கு வருவோம். மியூசிக்கலின் வசனம் டக் ரைட், இசை ஸ்காட் ஃபிராங்கல், பாடல்கள் மைக்கேல் கோரி. 2006இல் முதலில் ஒரு சிறிய அரங்கில் வந்து, அதே ஆண்டு நவம்பரில் பிராட்வேயில் வால்டர் கெர் தியேட்டருக்குப் போனது. முதல் அங்கம் 1941இல் நடக்கிறது: வீடு பளபளக்கிறது, சின்ன ஈடிக்கும் கென்னடி குடும்பத்தின் மூத்த மகன் ஜோவுக்கும் நிச்சயதார்த்த விருந்து, தாய் வாயைத் திறந்து அதைக் கெடுக்கிறாள். இரண்டாம் அங்கம் 1973: ஆவணப்படத்தில் பார்த்த குப்பை வீடு. முதல் அங்கத்தில் நடப்பது பெரும்பாலும் கற்பனை என்பதைத் தெரிந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனால் மேடைக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள், அதற்காக நான் எதையும் மன்னிப்பேன். முதல் அங்கத்தில் தாயாக நடித்த கிறிஸ்டின் எபர்சோல், இடைவேளைக்குப் பிறகு மகளாக வருகிறார். தாயை மேரி லூயிஸ் வில்சன் எடுத்துக்கொள்கிறார். மகள் கடைசியில் தாயாகவே ஆகிப்போனாள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதே முகம் வேறு உடையில் வந்து நிற்கிறது, கூட்டத்துக்குப் புரிந்துவிடுகிறது. சினிமாவில் இதைச் செய்தால் மேக்கப் வித்தையாகப் போய்விடும். மேடையில்தான் இது எடுபடும். இருவருக்கும் 2007இல் டோனி விருது கிடைத்தது, உடையலங்காரத்துக்கும் ஒன்று. சின்ன ஈடியின் உடை என்றால் சும்மாவா? பாவாடையைத் தலைகீழாகக் கட்டி, ஸ்வெட்டரைத் தலையில் சுற்றி, ப்ரூச் குத்தி, இன்றைக்கு இதுதான் புரட்சிகர உடை என்று கேமராவிடம் விளக்கம் சொல்கிறவர் அவர். அந்த விளக்கமே கிட்டத்தட்ட அப்படியே இரண்டாம் அங்கத்தின் முதல் பாட்டாகிவிட்டது. 2016இல் லண்டனில் சவுத்வார்க் பிளேஹவுஸில் ஷீலா ஹான்காக்கும் ஜென்னா ரசலும் இதையே நடித்தார்கள். பெரிய அரங்கைவிட அப்படிப்பட்ட சின்ன இடம்தான் இந்த நாடகத்துக்குப் பொருத்தம் என்பது என் கட்சி. நம் ஊர்க் குழு எதாவது எடுத்துச் செய்வதானால் டர்பனின் எலிசபெத் ஸ்னெடன் அரங்கின் அளவே அதிகம் என்பேன்.

2009 எச்.பி.ஓ. படம் மைக்கேல் சக்சி இயக்கியது. தாயாக ஜெசிகா லாங், மகளாக ட்ரூ பேரிமோர். லாங்குக்கு எம்மி விருது, பேரிமோருக்கு கோல்டன் குளோப் விருது. 1930கள் தொடங்கி 1970கள்வரை முன்னும் பின்னுமாகப் போகிறது, மேசல்ஸ் சகோதரர்களே அதில் பாத்திரங்களாக வருகிறார்கள். நீங்கள் அழுதது நியாயமே, நடிப்பு அப்படி. எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். ஆவணப்படம் வாயைத் திறக்காத ஒவ்வொரு இடத்துக்கும் இது ஒரு காரணம் சொல்கிறது. ஏன் மகள் நடிகையாகவில்லை? இதோ ஒரு காட்சி. ஏன் காதல் முறிந்தது? இதோ. ஏன் தலையில் எப்போதும் துணி? இதோ. இப்படி ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைக்கக் கிடைக்க நமக்கு நிம்மதி வருகிறது. நாம் அழுவது பாதி துக்கத்தால், பாதி அந்த நிம்மதியால். அசல் படம் அந்த நிம்மதியைத் தராது. உங்களுக்கு அங்கே உட்கார முடியாமல் போனதற்கு என் கணக்கில் இதுதான் முக்கியக் காரணம், கூச்சல் இரண்டாவதுதான்.

அந்தப் பதில்களில் எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்றால்: சின்ன ஈடி 1940களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் பெண்கள் மட்டும் தங்கும் பார்பிசான் ஹோட்டலில் இருந்தார், மாடலாகவும் நடிகையாகவும் முயன்றார், 1952இல் தாயிடம் திரும்பினார். இது உறுதி. ஏன் திரும்பினார் என்பதில் தாய் ஒன்று சொல்வார், மகள் வேறொன்று சொல்வார். படம் முழுக்க அந்த வழக்குத்தான், அதை நாம் வெளியிலிருந்து முடித்துவைக்க முடியாது. அவருடைய தலைமுடி கொட்டியது உண்மை. அவரே அதைக் கொளுத்திக்கொண்டார் என்ற கதை குடும்பத்துப் பேச்சாக வந்தது, அதை உண்மை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஜோ கென்னடியோடு கல்யாணம் நடக்கவிருந்தது என்பது ஈடி சொல்லிக்கொண்டது. ஜோ 1944இல் போரில் இறந்துவிட்டார், மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ அவர் இல்லை. நிச்சயதார்த்தம் என்று மேடையில் நடப்பது நாடகாசிரியரின் கை.

ஆவணப்படம் மட்டும் முழு உண்மையா என்று கேட்பீர்கள். இல்லை. நம் நாட்டிலேயே பார்த்தோமே: ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ ஆஸ்கர் வாங்கியது. அமெரிக்கப் பாடகர் ரோட்ரிகஸை உலகத்தில் யாருக்குமே தெரியாது, தென்னாப்பிரிக்கர்கள் மட்டுமே கொண்டாடினார்கள் என்ற மாதிரிப் படம் போகும். அவர் 1979இலும் 1981இலும் ஆஸ்திரேலியாவில் கச்சேரிச் சுற்றுப்பயணம் செய்ததைப் படம் சொல்லவே சொல்லாது. சொன்னால் கதையின் சுவாரசியம் குறையும். ‘கிரே கார்டன்ஸ்’ விட்டது வேறு விதம். 1972இல் வீடு ஒரு முறை சுத்தமாக்கப்பட்ட பிறகு எடுத்த படம் அது. நாம் பார்க்கும் குப்பை, சுத்தம் செய்ததற்கு அப்புறம் சேர்ந்தது. அதைத் துணுக்குகளிலிருந்து நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். எந்தக் காட்சி எந்த நாள் என்பதும் தெரியாது, வரிசை எடிட்டர்களுடையது. ஆனால் ஒரு விஷயத்தில் அது நேர்மையாக இருக்கிறது: கேமராக்காரர்கள் தங்களை ஒளித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியில் தெரிகிறார்கள், சின்ன ஈடி அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், டேவிட்டிடம் குழைகிறார், அவர் பதில் சொல்வதும் கேட்கிறது.

இப்போது அந்தக் கடைசி வரி. படம் வந்த காலத்திலேயே, இது இரண்டு பெண்களை வேடிக்கைப் பொருளாக்கும் வேலை என்று கடுமையாக எழுதினார்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சதை தொங்கும் கிழவியின் கையைக் கேமரா நெருங்கும் இடங்களில் எனக்கும் நெளிவு உண்டு, நானாக இருந்தால் சிலதை வெட்டியிருப்பேன். ஆனால் தாய், மகள் இருவரும் படத்தைப் பார்த்தார்கள், இருவருக்கும் பிடித்தது. சின்ன ஈடி கடைசிவரை அதைப் பெருமையாகவே பேசினார். தாய் 1977இல் இறந்த பிறகு, 1978இல் நியூயார்க்கில் ரீனோ ஸ்வீனி என்ற கிளப்பில் அறுபது வயதில் மேடையேறிப் பாடினார். வாழ்நாள் முழுக்கக் கேட்ட மேடை அது. படம் இல்லாமல் அந்த மேடை கிடைத்திருக்காது. 1979இல் வீட்டை, இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, வாஷிங்டன் போஸ்ட் ஆசிரியர் பென் பிராட்லிக்கும் அவர் மனைவி சாலி க்வினுக்கும் விற்றார். 2002இல் ஃபுளோரிடாவில் இறந்தார். ஏமாற்றப்பட்டவரின் நடவடிக்கையாக எனக்கு இது தெரியவில்லை. அவருக்கு அந்தக் கேமரா வேண்டியிருந்தது. ஆனால் வேண்டியிருந்தவரிடம் எடுத்ததால் எடுத்தவருக்குப் பொறுப்பு குறைந்துவிடுமா என்று கேட்டால், இல்லை. இரண்டும் சேர்ந்தேதான் நிற்கின்றன. சிரிக்கிறோமா என்று பார்க்காதீர்கள், யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்று பாருங்கள். சின்ன ஈடி தன் எடையைப் பார்க்க மெஷினில் ஏறி நின்று, எண் தெரியவில்லை என்று பைனாகுலரை எடுத்துக் குனிகிறார். அந்த இடத்தில் அவருக்கே சிரிப்பு வருவது தெரியும்.

வரிசை கேட்டீர்கள். எச்.பி.ஓ. படத்தைப் பார்த்தாகிவிட்டது, அதை மாற்ற முடியாது, நஷ்டமும் இல்லை, யார் யாருக்கு என்ன உறவு என்பதாவது தெரிந்துவிட்டது. இப்போது அசல் படத்தை சப்டைட்டில் இல்லாமல், நல்ல ஹெட்போனில் போடுங்கள். முதல் தடவை தாயின் குரலை மட்டும் தொடர்ந்து போங்கள், மகள் சொல்வது தவறிப்போனால் போகட்டும். இரண்டாம் தடவை மகளை. அதற்கு அப்புறம் மியூசிக்கல் பாட்டுகள், அதுவும் இரண்டாம் அங்கத்திலிருந்து தொடங்குங்கள். ‘அனதர் வின்டர் இன் எ சம்மர் டவுன்’ என்ற பாட்டை அவசரமாகக் கேட்காதீர்கள். இன்னும் ஆசை அடங்கவில்லை என்றால், பயன்படுத்தாமல் விட்ட காட்சிகளைத் தொகுத்து 2006இல் வந்த ‘தி பீல்ஸ் ஆஃப் கிரே கார்டன்ஸ்’ இருக்கிறது. அதில் இருவரும் இன்னும் லேசாக, இன்னும் வேடிக்கையாக இருப்பார்கள். ‘டாக்குமென்டரி நவ்’ தொடர் 2015இல் தன் முதல் பகுதியிலேயே இந்தப் படத்தைக் கிண்டல் செய்தது, ஆண்கள் இருவர் ஈடி வேஷத்தில். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அசல் மனப்பாடமான பிறகுதான் அந்தக் கிண்டல் எவ்வளவு நுணுக்கம் என்று தெரியும். அப்புறம் உங்கள் தோழியையும் கூட உட்காரவைத்துக்கொள்ளுங்கள், அவருக்குப் பாட்டு தெரியும், உங்களுக்கு உறவுமுறை தெரியும்.